படையும் பாலும்: தென்னார்க்காட்டு வரலாற்றுவழி ஓர் ஆராய்ச்சி

2019ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள், அக்காலை இந்தியத் தரைப்படைத் தலைவராக விளங்கிய தளபதி விபின் ராவத், செய்தியாளர் கூட்டத்தில் எழுந்த வினாவொன்றற்கு விடையிறுக்கையில், தன்பால் விழைவோர்க்குப் படையில் இடந்தருதல் இயலாது என்றார். படை பழமை பேணும் இயல்பினது என்றும், மேனாட்டு வழிப்பட்டதன்று என்றும் அதற்குக் காரணம் காட்டினார். இதற்கு நான்கு திங்களுக்கு முன்னர், 2018 செப்டம்பர் 6ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு நவதேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயது வந்த இருவர் தம்முள் இசைந்து கூடுவதனைக் குற்றமாக்கும் அளவில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்திருந்தது.

இவ்விரண்டற்கும் இடையே உள்ள முரண்பாட்டைச் சட்டம் வல்லார் ஆராய்க. வரலாறு பயில்வார்க்கு இங்கே ஆராயற்பாலது 'பழமை' என்னும் ஒரு சொல்லேயாம். அஃது எந்நாட்டுப் பழமை? எந்நூற்றாண்டில் தோன்றியது? இவ்வினாவிற்கு விடைகாண்டற்குத் தென்னார்க்காட்டு நாட்டைப் போலப் பொருத்தமான களம் பிறிதொன்றில்லை. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அப்பழைய மாவட்டத்தினுள்ளேயே, ஆண் பெண் என்னும் பகுப்பில் அடங்காதாரைப் போர்க்களத்தோடு பிணைத்துப் போற்றும் தமிழ் மரபும் உண்டு. இற்றை நாள் இந்தியப் படையின் சட்டத்திற்கு ஊற்றாகிய ஆங்கிலக் கோட்டையும் உண்டு.

பொருளைத் தொடங்குமுன் ஒன்று தெளிதல் வேண்டும். திருநங்கையர், திருநம்பியர் என்பார் வேறு. தன்பால் விழைவோர் வேறு. முன்னையது ஒருவர் தம்மை எப்பாலினராக உணர்கின்றார் என்பது பற்றியது. பின்னையது யாரை விழைகின்றார் என்பது பற்றியது. பண்டைத் தமிழ் நூல்கள் விரித்துப் பேசுவன பெரும்பாலும் முன்னையோரையே. அவற்றைக் கொண்டு பின்னையோர்க்கும் முடிவு கட்டுதல் ஆராய்ச்சி நெறியன்று. ஆயினும், படைச் சட்டம் இருசாராரையும் வாயிலில் தடுத்து நிறுத்துதலின் ஈண்டு இருவரையும் ஒருங்கே நோக்க வேண்டியுள்ளது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்துள் பேடியை உயர்திணையின்கண் வைத்தார். பேடியைக் குறிக்கும் சொற்கும் தெய்வத்தைக் குறிக்கும் சொற்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளையே அவை கொள்ளும் என்றும் ஒரு நூற்பாவால் கூறினார். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர் ஆண்பாற் சொல்லைக் கொள்ளாது எனப் பிறிதொரு நூற்பாவால் வரையறுத்தார். ஆகவே, திரிந்த நிலையே கொண்டு அவரைச் சுட்டல் வேண்டும் என்பதும், திரிந்தமையால் அவர் மக்கட் கூட்டத்தினின்றும் நீங்கிவிடார் என்பதும் பெறப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தே எழுந்த நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவாரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவாரைப் பெண்பாலாகவும் கொண்டது. பாலை உறுதி செய்வது விருப்பமே என்னும் இக்கருத்து வியப்பிற்குரியது. எனினும், அதே நூற்பாவின் இறுதியில் அவரை அஃறிணை போலவும் கொள்ளலாம் என்ற ஒரு வழுக்கலும் உண்டு. இரண்டையும் சேர்த்தே மாணவர்க்குக் கற்பித்தல் நேர்மையாகும்.

மரபு முழுதும் இவர்க்குச் சார்பானதே என்று கூறுதல் பொருந்தாது. திருவள்ளுவர் 614ஆம் குறளில் பிறர்க்கு உதவும் நினைவிருந்தும் முயற்சியில்லாதான் ஒருவனையும், 727ஆம் குறளில் கற்றும் அவையஞ்சுவான் ஒருவனது கல்வியையும் விளக்கப் புகுந்தபோது, பேடி கையில் வாள் என்பதனையே உவமையாக எடுத்தாண்டார். வாள் பயன்படாமைக்கு அஃது எடுத்துக்காட்டு. வகுப்பறையில் இக்குறள்களை விரைந்து கடந்து செல்லும் ஆசிரியர் பலர். பேடி என்றால் கோழை என்று இன்றும் வழங்கும் வசைக்கு வேர் மிக ஆழமானது என்பதனை மறைத்துப் பயனில்லை.

ஆனால் அதே காலத்தை ஒட்டிய காப்பியங்கள் வேறொரு காட்சியையும் நல்குகின்றன. சிலப்பதிகாரக் கடலாடு காதை மாதவி ஆடிய பதினோராடலுள் பேடியாடலை ஒன்றாகக் கூறும். வாணனுடைய சோ நகரிலே காமன் பேடியுருக் கொண்டு ஆடியது அது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகர வீதியில் தாடியும் கூந்தலும் ஒருங்குடைய பேடி ஒருவர் ஆடக் கண்டு மக்கள் குழுமி நின்றதனைச் சாத்தனார் விரிக்கின்றார். அதே காதையில் பிறிதோரிடத்து அவர் தேர்ந்த ஒப்புமை கருதற்குரியது. விராட நகரில் விசயன் கொண்ட பேடியுருவை அவர் நினைவூட்டுகின்றார். அவ்விசயனே அப்பேடியுருவிலேயே விராடன் மகனுக்குத் தேரோட்டிச் சென்று, கௌரவர் சேனை முழுவதனையும் புறங்கண்டவன். பேடி கையில் வாள் பயனற்றது என்ற நாட்டிலேயே பேடி கையில் காண்டீபம் வென்ற கதையும் வழங்கிற்று எனில், ஒரே மரபு என்று ஒன்றில்லை என்பது தெள்ளிது.

பாரதம் என்றவுடன் நாம் திருமுனைப்பாடி நாட்டுக்கு வந்துவிடுகின்றோம். பழைய தென்னார்க்காட்டின் பெரும்பகுதியை உள்ளடக்கிய அந்நாட்டின் சனியூரே வில்லிபுத்தூரார் பிறந்த ஊர். வக்கபாகை வரபதியாட்கொண்டான் அவரைப் புரந்த தலைவன். அந்நாட்டு ஊர்தோறும் விளங்கும் திரௌபதியம்மன் கோயில்களும், அவற்றில் நிகழும் பாரதப் படிப்பும், தெருக்கூத்தும் அக்கதையை இன்றளவும் நெல்வயல்களின் நடுவே உயிர்ப்புடன் காத்து வருகின்றன.

அக்கதையில் நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையாவான் சிகண்டி. அம்பை மறுபிறப்பில் துருபதன் மகளாய்த் தோன்றி, மகனெனவே வளர்க்கப்பட்டு, இயக்கன் ஒருவனிடம் ஆணுருவம் பெற்ற வரலாறு யாவரும் அறிந்தது. யாவரும் அறியாதது ஒன்றுண்டு. வியாசர் நூலின் உத்தியோக பருவத்தில், பாண்டவர்தம் ஏழு அக்குரோணிப் படைக்கும் எழுவர் தலைவர் கூறப்படுகின்றனர். துருபதன், விராடன், திட்டத்துய்மன், சாத்தகி, சேகிதானன், வீமன் ஆகியோருடன் சிகண்டியும் அவருள் ஒருவன். இரு திறத்து வீரரையும் துரியோதனனுக்கு எண்ணிக் காட்டும் வீடுமன், சிகண்டியைத் தேர்வீரருள் தலையாயவன் என்றே மதித்துரைக்கின்றான். பின்னர், பெண்ணாய்ப் பிறந்தாரோடு போர் செய்யேன் என வில்லைத் தாழ்த்துவதும் அவனே. சிகண்டி பத்தாம் நாட் போரில் அருச்சுனனுக்கு முன்னே நின்றதனைச் சூழ்ச்சி என்று மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். கூர்ந்து நோக்கின், சிகண்டியின் படை அவனை ஏற்றுத் தலைமையும் தந்தது. ஏற்க மறுத்தது எதிர்ப்படைத் தலைவன் தனக்கென வகுத்துக்கொண்ட நோன்பேயாகும். அம்மறுப்பிற்கும் ஆற்றலின்மை காரணமன்று. பிறப்பினைப் பற்றிய ஒரு கொள்கையே காரணம். ஆற்றலை ஒப்புக்கொண்டே பாலைக் காட்டி விலக்குதல் என்னும் இந்நிலையை இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் நாம் எதிர்ப்படுவோம்.

மற்றொருவன் அரவான். வியாசர் நூலில் எட்டாம் நாட் போரில் மடிகின்ற இவனைத் தமிழ்ப் பாரதங்கள் போர் தொடங்குமுன் களப்பலியாக்கின. மூன்றாம் நந்திவர்மன் காலத்ததாகிய பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, இக்களப்பலி காணப்படுகின்றது. மணமாகாது மாயவிருக்கும் அவனைக் கண்ணன் மோகினியாகி மணந்தான் என்பது நாட்டார் வழக்கில் வளர்ந்த பகுதி. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில், சித்திரை முழுநிலவு நாளில் திருநங்கையர் கூத்தாண்டவர்க்குத் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தாலி அறுத்து வெள்ளாடை உடுத்து அழுவதும் உலகறிந்தவை. கூவாகம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தது. 1993ஆம் ஆண்டுப் பிரிவினைக்கு முன்னர் அது தென்னார்க்காட்டு மாவட்டத்ததே. சிதம்பரத்திற்கு அண்மையிலுள்ள கொத்தட்டைக் கூத்தாண்டவர் கோயிலிலும் இவ்விழா நடைபெறுகின்றது. அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இவ்விரண்டையும் ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கட்டுரையில், அரவான் வழிபாட்டின் போர்க்கூறும் பால்மாற்றக் கூறும் பிரிக்கவொண்ணாதவை என்பதனைத் தலைப்பிலேயே புலப்படுத்தினார்.

செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் கூவாகத்தை அழகிப் போட்டிக்குரிய இடமாகவே காட்டிவருகின்றமையால் இப்போர்க்கூறு மறைந்துவிட்டது. திருநங்கையர் ஆங்கு அழுவது போரில் பலியான வீரன் ஒருவனுக்காக. அவர் பூணுவது வீரன் மனைவியின் கைம்மை. திருநங்கையர் மட்டுமன்றி, நேர்ந்துகொண்ட சிற்றூர் ஆடவரும் சிறுவரும் அங்கே தாலி கட்டிக்கொள்வர் என்பதும் கருதத்தக்கது. ஒரு வீரனுடைய இறப்பின்பொருட்டு ஆடவர் ஒருநாள் பெண்மை பூணுதலை இந்நாட்டு உழவர் குடிகள் இழிவாகக் கருதவில்லை.

இனி, கதையை விடுத்து வரலாற்றுக்கு வருவோம். 1311இல் தில்லிச் சுல்தானின் பெரும்படை தமிழகத்தை நோக்கி வந்தபோது, அதனை நடத்தி வந்த மாலிக் காபூர் விதை நீக்கப்பட்டவர்; குசராத்தில் சிறைப்பிடிக்கப்பட்ட அடிமையாயிருந்து பேரமைச்சர் நிலைக்கு உயர்ந்தவர். அமீர் குஸ்ரு கூறும் பொற்கோயில் நகராகிய பிரமத்புரி என்பது சிதம்பரமே என்று டாக்டர் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் கருதினார். அதனை ஒப்பாதாரும் உளர். காபூரைத் திருநங்கை என்றல் பிழை. அவர் பிறரால் அந்நிலைக்கு ஆளாக்கப்பட்டவர். உடலின் ஆண்மை நிறைவு படைத்தலைமைக்கு இன்றியமையாதது என்று அக்காலத்தார் கொள்ளவில்லை என்ற அளவிற்கே அவ்வரலாறு சான்றாகும்; அதற்கு மேல் அதனை நீட்டுதல் கூடாது.

இனி மற்றொரு பழமையைக் காண்போம். 1690இல் ஆங்கிலக் கும்பினியார் தேவனாம்பட்டினக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்குப் பெற்றனர். கோட்டையினின்று சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லை வரையுள்ள ஊர்களும் அவ்விலையில் அடங்கின. கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடி என்ற பெயர் அச்செய்தியை இன்றும் தாங்கி நிற்கின்றது. புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அது, 1746இல் சென்னை பிரெஞ்சியர் வயமானபின் சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாய் இருந்தது. 1748இல் ஆங்கு வந்திறங்கிய ஸ்ட்ரிஞ்சர் லாரன்சு என்பார், சிதறிக் கிடந்த கும்பினிக் காவலரை ஒழுங்குபட்ட படையாக்கி, அவ்வாண்டிலேயே கடலூரைத் தாக்கிய பிரெஞ்சியரை முறியடித்தார். இந்தியத் தரைப்படையின் தந்தை என்று அவரை வரலாற்றாசிரியர் போற்றுவதற்கு இதுவே காரணம். எனவே, அப்படை பிறந்த தொட்டில்களுள் கடலூர் முதன்மையானது எனல் மிகையாகாது.

படை பிறந்த இடத்தில் படைச் சட்டமும் உடன் வந்தது. 1754இல் ஆங்கிலப் பாராளுமன்றம் கும்பினிப் படைகளைத் தனிப் படைச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. கடலில் அதனினும் கடுமை மிகுதி. 1749ஆம் ஆண்டு ஆங்கிலக் கப்பற்படைச் சட்டத்தின் 29ஆம் விதி, ஆடவர் இருவர் கூடுதற்கு மரண தண்டனை விதித்தது. 1783 சூன் 20ஆம் நாள் கடலூர்க் கடலில் பிரெஞ்சுத் தலைவர் சுஃப்ரனை எதிர்த்து நின்ற ஹியூசின் கப்பல்கள் ஒவ்வொன்றிலும் அவ்விதி நடைமுறையில் இருந்தது. அஃது ஏட்டளவில் நின்ற விதியன்று: ஆப்பிரிக்கேன் என்னும் கப்பலின் மாலுமியர் நால்வர் அக்குற்றத்திற்காக 1816இல் தூக்கிலிடப்பட்டனர். எதிரணியினராகிய பிரெஞ்சியரோ, கடலூர்ப் போர் நிகழ்ந்து எட்டாண்டுகட்குள், 1791ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பில் அக்குற்றத்தையே நீக்கிவிட்டனர். ஒரே கடலில் மோதிய இரு படைகளுள் எது வென்றதோ அதன் சட்டமே நமக்கு வாய்த்தது.

377ஆம் பிரிவினைக் கொண்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 1881ஆம் ஆண்டு ஆங்கிலத் தரைப்படைச் சட்டம், கொடுமையானதும் நாணமற்றதும் இயற்கைக்கு மாறானதுமான இழிநடத்தை என்றொரு குற்றத்தை வகுத்தது. விடுதலை பெற்ற இந்தியா 1950இல் இயற்றிய தரைப்படைச் சட்டத்தின் 46ஆம் பிரிவில், அதே சொற்கள் அதே வரிசையில் அமைந்துள்ளன. தண்டனை ஏழாண்டு வரை சிறை. அதிகாரிகட்கெனத் 'தகாத நடத்தை' பற்றிய 45ஆம் பிரிவும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 33ஆம் உறுப்பு, படையினர்க்கு அடிப்படை உரிமைகளைக் குறைக்கப் பாராளுமன்றத்திற்கு அதிகாரம் வழங்குகின்றது. படைத்தலைவர் 2019இல் கூறிய பழமையின் சட்ட வடிவம் இதுவே. இதன் சொற்களில் தொல்காப்பியமும் இல்லை, பாரதமும் இல்லை, வள்ளுவர் கூறிய இகழ்ச்சிதானும் இல்லை. இவை இலண்டனில் வடிக்கப்பெற்ற சொற்கள். மேனாட்டு வழிப்படாதது என்ற கூற்று இவ்விடத்தில் தலைகீழாகின்றது.

தாய்நாட்டில் அச்சட்டத்திற்கு நேர்ந்தது யாது? 1967இல் இங்கிலாந்து தன்பால் உறவினைக் குற்றப் பட்டியலினின்று நீக்கியபோது படையினர்க்கு மட்டும் விலக்குத் தரவில்லை. படையினின்று நீக்கப்பட்டோர் தொடுத்த வழக்குகளில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 செப்டம்பரில் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2000 சனவரி 12இல் தடை நீங்கிற்று. நெதர்லாந்து அதனை 1974இலேயே செய்திருந்தது. 2023 சூலையில் ஆங்கிலப் பிரதமர் பாராளுமன்றத்தில், நீக்கப்பட்ட படைவீரரிடம் மன்னிப்பும் கோரினார். அமெரிக்காவில், வினவாதே, கூறாதே எனப் பொருள்படும் பெயரால் 1993 முதல் வழங்கிய கொள்கை 2011 செப்டம்பரில் முடிவுற்றது. எனினும் பால் மாறினாரை விலக்கும் ஆணை ஆங்கே 2025 சனவரியில் பிறந்தது; வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே அதனை நடைமுறைப்படுத்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் இசைந்தது. இத்துறையில் வரலாறு ஒரே திசையில் நடப்பதன்று.

நம் நாட்டில், 2014 ஏப்ரல் 15ஆம் நாள் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், ஒருவர் தம் பாலினைத் தாமே துணிந்து கூறும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. நன்னூலார் விருப்பத்தைக் கொண்டு பால் வகுத்ததற்கும் இதற்கும் எண்ணூறு ஆண்டுகள் இடையீடு. இரு நாள் கழித்து, மருத்துவச் சோதனையின் முடிவைக் காட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்ட கரூர் மாவட்டப் பெண் காவலர் ஒருவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் பணித்தது. 2015 நவம்பரில் அதே நீதிமன்றம் பிரித்திகா யாசினியைக் காவல் உதவி ஆய்வாளர் பணிக்குத் தேர்ந்தெடுக்க ஆணையிட, அவர் 2017இல் தருமபுரி மாவட்டத்தில் பொறுப்பேற்றார். காவல்துறை படையன்று என்பர். ஆயினும் படைக்கலம் தாங்குவதும், பயிற்சியும், சீருடையும், கட்டளைக்கு அடங்கும் ஒழுங்கும் இரண்டற்கும் பொது. திருநங்கை ஒருவர் அவ்வொழுங்கில் நின்று பணிபுரிதல் இயலாது என்ற ஐயத்தைத் தமிழ்நாட்டுக் காவல் நிலையம் ஒன்று செயலால் நீக்கிவிட்டது.

அதே 2017ஆம் ஆண்டின் அக்டோபரில், விசாகப்பட்டினத்தில் பணிபுரிந்த மாலுமி ஒருவர், அறுவை மருத்துவத்தின் வழியே பெண்ணானதன் பின்னர்க் கடற்படையினின்று விடுவிக்கப்பட்டார். பணியிற் சேர்ந்த காலத்திருந்த பால்நிலையை மாற்றிக்கொண்டமையால் அப்பணிக்குரிய தகுதியை இழந்தார் என்பது கடற்படை கூறிய காரணம். பல ஆண்டுகள் அவர் ஆற்றிய பணி ஆங்கே எடைபோடப்படவில்லை. வீடுமன் கூறிய காரணத்தை ஒப்பிட்டுக் காண்க: பெண்ணாய்ப் பிறந்து ஆணானமையால் சிகண்டி விலக்கப்பட்டான், ஆணாய்ப் பிறந்து பெண்ணானமையால் இம்மாலுமி விலக்கப்பட்டார்.

இவ்விலக்கு ஓர் அலுவலரின் வன்கண்மையால் மட்டும் நிகழ்ந்ததன்று. சட்டத்தின் கட்டமைப்பே அத்தகையது. தரைப்படைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நடுவண் அரசு அறிவிக்கும் பிரிவுகளிலன்றிப் பெண்டிர் படையிற் சேரத் தகுதியிலர் என்கின்றது. கடற்படைச் சட்டமும் அவ்வாறே. ஆடவர் என்பது இயல்பு. பெண்டிர் என்பது விலக்காக அளிக்கப்படும் இடம். பெண் அதிகாரிகட்கு நிலைப்பணி உரிமை கிடைத்ததே 2020 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பின்னர்தான். இந்நிலையில், மாலுமிப் பணி ஆடவர்க்கே திறந்திருந்த காலத்தில் பெண்ணாக மாறியவர் நிற்க இடமேது? தமக்கெனத் தனி ஈறு இல்லாதாரை உயர்திணை ஈற்றில் சேர்த்துக்கொள்ளத் தொல்காப்பியர்க்கு ஒரு நூற்பா போதியதாயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலைவாய்ப்பில் வேற்றுமை காட்டுதலைத் தடுக்கின்றதேனும், படைச் சட்டங்களில் அத்தகைய நூற்பா ஒன்றும் சேர்க்கப்படவில்லை.

தன்பால் விழைவோரின் நிலை வேறு. அவரை வாயிலில் அடையாளம் காண முடியாது. எனவே அவர் சேர்கின்றனர், பணிபுரிகின்றனர், மறைந்து வாழ்கின்றனர். 45, 46ஆம் பிரிவுகள் அவர்மீது எப்பொழுதும் தொங்கும் வாளாக உள்ளன. பணியினின்று விலகியபின் தம் இயல்பை வெளிப்படையாகக் கூறிய மேஜர் ஒருவரின் வாழ்வைத் தழுவி அமைந்த திரைக்கதைக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 2022 சனவரியில் இசைவு மறுத்தது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு 33ஆம் உறுப்பின்கீழ் வரும் படைச் சட்டங்களை நேரே ஆராயவில்லை. பிறன்மனை நயத்தலைக் குற்றமன்றாக்கிய அவ்வாண்டுத் தீர்ப்பு படைமன்ற நடவடிக்கைகளைத் தடுக்காது என்று 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதனை நோக்க, தன்பால் உறவு பற்றியும் படையினர் அவ்வாறே வாதிடக்கூடும் என்பது எதிர்பார்க்கத்தக்கது.

2024 சூலை முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் முழுதும் நீங்கிப் பாரதிய நியாய சன்கிதை நடைமுறைக்கு வந்தது; அதில் 377ஆம் பிரிவிற்கு நிகரான பிரிவு எதுவும் இல்லை. 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகமோ, அது பிறந்த இங்கிலாந்தில் வழக்கிழந்தபின்னும், 1950ஆம் ஆண்டு இந்தியத் தரைப்படைச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் எழுத்தும் மாறாது நிற்கின்றது.